ஒன்பதாவது வளைவு

போன லீவிலேயே போயிருக்க வேண்டியது.
அப்போது பூபதிக்கு மஞ்சள் காமாலை.
அதற்கு முந்தின லீவில் என்னவோ ஒன்று,
மறந்துவிட்டது, ஆனால் போகவில்லை.

இந்த மே மாதம்
பட்டறை முதலாளியின் மச்சினர்
ஆம்னி வேனைத் தருகிறேன் என்றார்,
என்ன ஆச்சரியம், தந்தும்விட்டார்.
பெட்ரோல் நாங்கள். கீறல் விழுந்தால் அதுவும் நாங்கள்.

நாலரைக்கு எழுந்து எலுமிச்சை சாதம் தாளித்தேன்.
உருளைக்கிழங்கு வறுவல்.
லோகித்துக்கு மாற்று டவுசர் இரண்டு,
வாந்திக்கு ஜவுளிக்கடைப் பைகள் ஆறு,
மேலே குளிருமாம் என்று ஒரு ஸ்வெட்டர்.
அதை அஸ்தம்பட்டியிலேயே மாட்டிக்கொண்டான்.
ஏழு மணிக்கே கொதிக்கிற சேலத்தில்
கழுத்து வரை பொத்தான் போட்டு
வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தான்.
கழற்று என்றால் அழுகை.

அடிவாரம் தாண்டியதும் பலகைகள்.
கொண்டை ஊசி வளைவு ஒன்று, இரண்டு,
மொத்தம் இருபது.
கனிஷ்கா இரண்டாம் வகுப்பு முடித்தவள்,
கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவள்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
மீதி எத்தனை என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒன்பதில் ஒரு வாடை.
பூபதி கியரை மாற்றி மாற்றி மிதித்தும்
வண்டி உறுமியதே தவிர ஏறவில்லை.
பைக்கில் வந்த பையன் ஒருவன் மூக்கைச் சுளித்து
‘கிளட்ச் போயிருச்சுங்ணா’ என்றுவிட்டுப் போனான்,
மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

‘பூஜ்யத்துல ஒன்பது போகாது,
பக்கத்துல கடன் வாங்கணும்.’
பின்சீட்டில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.
‘பதினொண்ணு பாக்கிப்பா.’
பூபதி ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

மெக்கானிக் வர இரண்டு மணி நேரம்.
கட்டைச்சுவர் ஓரம் போர்வையை விரித்தோம்.
தருமபுரிச் சுற்றுலாப் பேருந்து ஒன்று
சன்னலுக்கு நாலு கையாக நீட்டி
லோகித்துக்கு டாட்டா காட்டியது.
அதற்கப்புறம் அவன் எந்த வண்டியையும் விடவில்லை,
சிலிண்டர் லாரி உட்பட.
கீழே, வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் இடம்
வெயிலில் பளீரென்று கிடந்தது.
‘அதான் பனியாம்மா?’
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
ஸ்வெட்டருக்கு ஒரு நியாயம் வேண்டாமா.

குரங்கு எந்தப் பக்கமிருந்து வந்ததோ.
வறுவல் டப்பாவை மூடியோடு தூக்கிப்போய்ச்
சுவர்மேல் உட்கார்ந்தது,
திறக்கவும் தெரிந்திருந்தது.
வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி.
‘அதுங்களுக்கும் லீவு விட்டாச்சா?’
அப்போதுதான் பூபதி சிரித்தார்,
கையெல்லாம் கிரீஸோடு,
தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத சாதத்தை
நான் ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டு.
கல்யாணமான புதிதில்கூட ஊட்டியதில்லை.

மேலே போகிற பேச்சே எழவில்லை.
மெக்கானிக் படுத்துப் பார்த்தார், ஏதோ செய்தார்,
முதல் கியரிலேயே இறக்குங்கள் என்றார்.
எட்டு, ஏழு, ஆறு.
ஏறும்போது ஒருமுறைகூடக் குமட்டாதவன்
மூன்றாவது வளைவில்
ஆறு பைகளையும் விட்டுவிட்டு
ஸ்வெட்டரில் எடுத்தான் வாந்தி.

சாயங்காலம் மாடிவீட்டு ஹர்ஷவர்தினி கேட்டாள்,
‘படகுல போனியா?’
‘நாங்க குரங்கு பாத்தோம்,’ என்றாள் கனிஷ்கா,
படகெல்லாம் ஒரு விஷயமா என்கிற குரலில்.

துவைக்க எடுத்த சட்டைப்பையில்
மெக்கானிக் எழுதித் தந்த சீட்டு.
தொகையைப் பார்த்தேன்.
இருந்த மடிப்பிலேயே மடித்து அலமாரியில் வைத்தேன்.
பூஜ்யத்தில் போகாது.

ராத்திரி, கரண்ட் இல்லை, மொட்டைமாடி.
கொடியில் ஸ்வெட்டர் சொட்டிக்கொண்டிருந்தது.
தூரத்தில் மலை ஏறும் வண்டிகளின் விளக்குகள்,
மலை தெரியவில்லை, விளக்குகள் மட்டும்.
அதில் ஒன்று பாதியில் நின்றது.
நகரும் நகரும் என்று பார்த்தோம், நாலு பேரும்.
‘ஒன்பது,’ என்றாள் கனிஷ்கா.
லோகித் எழுந்து நின்று
அதற்கும் கையசைத்தான்.